பாண்டிலருந்து பாரிஸ் எவ்ளோ நேரம்? இந்த டிராவல்ஸ்காரர் சொன்ன கணக்குதான் சரியா வந்துச்சு

போன வருஷம் அம்மாவ கூட்டிட்டு அக்கா வீட்டுக்கு பாரிஸ் போனப்போ வேற இடத்துல டிக்கெட் போட்டோம், நடுவுல ஃபிளைட் மாற ஒன்னேகால் மணி நேரம்தான், சீக்கிரம் போயிடலாம்னு சொன்னாங்க, சென்னையிலயே அரை மணி லேட்டா கெளம்பி முட்டி வலியோட அம்மா அந்த ஏர்போர்ட்ல வேர்க்க விறுவிறுக்க ஓடினது இன்னும் கண்ணுலயே நிக்குது. நாங்க ஏறிட்டோம், பெட்டி ஏறல. அம்மாவோட சுகர் மாத்திரை அதுலதான் இருந்துச்சு.

இந்த தடவ நேரு வீதி பக்கம் மாடில இருக்கற ஒரு சின்ன டிராவல்ஸ்ல போட்டோம். ரொம்ப நல்ல அனுபவம்.

அவரு மொதல்ல ரேட்டே சொல்லல. பழைய காலண்டர் தாள திருப்பிப் போட்டு பேனால ஒரு கோடு இழுத்தாரு. சென்னை டு பாரிஸ் நேர் கோட்டுல சுமார் 8000 கிலோமீட்டர், துபாய்ல எறங்கி போனாலும் 150 கிலோமீட்டர்தான் கூட வரும், அதனால சுத்து வழின்னு பயப்படாதீங்க, நேரம் போறது வானத்துல இல்ல தரையிலதான்னாரு. டிக்கெட்ல காலைல 4 மணிக்கு ஏறி மதியம் 3.15க்கு எறங்கறதா போட்டிருக்கும், பதினொன்னேகால் மணி நேரம்னு நெனச்சுடாதீங்கம்மா, அது அந்தந்த ஊரு டைம், கோடைல பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னாடி, அப்போ நெஜத்துல பதினாலே முக்கால் மணி நேரம்னு விளக்கினாரு.

அதுலயும் பறக்கறது நாலேகாலும் ஏழரையும்தான், நடுவுல துபாய்ல மூணு மணி நேரம் வேணும்னே வெச்சாரு. ரெண்டு ஃபிளைட்டும் ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல போட்டதால பெட்டி நேரா பாரிஸுக்கே போயிடுச்சு, வீல்சேரும் அவரே முன்கூட்டியே சொல்லி வெச்சிருந்தாரு, அதுக்கு தனியா காசு கெடையாது. அம்மா துபாய்ல நிதானமா ஒரு டீ குடிச்சுட்டு, கணுக்கால் வீங்கி செருப்பு வாரு இறுக்கினத தளர்த்தி விட்டுட்டு ஏறினாங்க. மாத்திரை இந்த தடவ கைப்பையில.

முத்தியால்பேட்டைல ராத்திரி 9.30க்கு கார்ல ஏறினோம், மரக்காணம் தாண்டி ஈசிஆர்ல போயி ஏர்போர்ட் சேர மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பாரிஸ்ல பாஸ்போர்ட் க்யூ, பெட்டி, அங்கருந்து பாரிஸ ஒட்டி இருக்கற சார்செல்ங்கற ஊர்ல அக்கா வீடு, எல்லாம் முடிய நம்ம டைம் மறுநாள் ராத்திரி எட்டரை. மொத்தம் 23 மணி நேரம், பறந்தது அதுல பாதிதான். வெறும் ஃபிளைட் டைம மட்டும் பாத்து வயசானவங்கள கூட்டிட்டு போகாதீங்க, தயவு செஞ்சு.

வர்றப்போ பாரிஸ் டு துபாய் ஆறரை மணி நேரத்துலயே வந்துடுச்சு. மேல காத்து மேற்குலருந்து கிழக்கா வேகமா அடிக்குதாம், போறப்போ எதிர்க்காத்து, வர்றப்போ அதுவே தள்ளி விடுது. இதையும் அவரு முன்னாடியே சொல்லிருந்தாரு. டிசம்பர்ல போறவங்களுக்கு வித்தியாசம் நாலரை மணி நேரம், அக்டோபர் கடைசி ஞாயித்துக்கெழம அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சுடுவாங்க.

கடைல ஒரே கொறை மாடிப்படி, ரொம்ப செங்குத்து. கீழருந்து போன் பண்ணா அவரே எறங்கி வர்றாரு, எங்க அம்மாகிட்ட படில உக்காந்துதான் அந்த காலண்டர் தாள காட்டி பேசினாரு.