டென்மார்க்கில் சஸ்டைனபிலிட்டி முதுகலை: படித்து முடித்தபின் என் மதிப்பீடு

டென்மார்க்கில் இரண்டு வருட சஸ்டைனபிலிட்டி (நீடித்த வளர்ச்சி) முதுகலையை முடித்து மூன்று மாதம் ஆகிறது. "சேரலாமா?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்குத் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குறைகளும் சொல்லப்போவதால் பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிடுகிறேன்.

இந்தப் படிப்பின் பெரிய பலம், கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தது. கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் போன எனக்கே அது புதிதாக இருந்தது.

முதல் செமஸ்டரில் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று ஒரு பாடம்: ஒரு பொருள் உருவாவதிலிருந்து குப்பைக்குப் போவதுவரை சுற்றுச்சூழலுக்கு ஏற்படுத்தும் பாதிப்பைக் கணக்கிடுவது. எல்லோரும் எல்.சி.ஏ. என்றுதான் சொல்வோம். முதல் வகுப்பில் ஆசிரியர் மேசைமேல் ஒரு பருத்திப் பையையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் வைத்தார். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்ட அறிக்கையைக் கையில் கொடுத்தார். ஆர்கானிக் பருத்திப் பையை 20,000 முறை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். அந்த எண் பிறந்த இடம் இந்த அறிக்கைதான். "எப்படி வந்தது என்று அடுத்த வாரம் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான் வகுப்பு.

எங்கள் குழுவில் நான்கு பேர். விடுதிச் சமையலறையில் அட்டவணை அட்டவணையாகப் புரட்டினோம். பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்தால் அந்தப் பைக்கு 149 முறை போதும். 20,000 என்பது எல்லாப் பாதிப்புகளிலும் ஈடாக வேண்டும் என்று பார்க்கும்போது வருவது. அங்கே எண்ணை மேலே தூக்கியது ஓசோன் படலத்துக்கு வரும் பாதிப்பு என்ற ஒரே ஒரு வரிசை. இன்னும் தோண்டினால், அந்தப் பருத்திப் பையின் கொள்ளளவு கொஞ்சம் குறைவு என்பதால் ஒன்றுக்கு இரண்டு பையாகக் கணக்கில் எடுத்திருந்தார்கள். இரவு ஒரு மணிக்கு அந்த வரியில் விரல் வைத்தபடி நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. யாரும் எதையும் மறைக்கவில்லை, எல்லாம் அறிக்கையிலேயே இருக்கிறது. கடைசி எண்ணை மட்டும் பிய்த்துக்கொண்டு போனவர்கள் நாம்தான்.

இரண்டாவது செமஸ்டரில் களப்பயணம். கலுண்ட்போர்க் என்ற தொழில் நகரில் ஒரு ஆலையின் கழிவு இன்னொரு ஆலைக்கு மூலப்பொருளாவதைப் பார்த்தோம். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், புதிதாக ஒன்றுமில்லை. அங்கிருந்து கப்பலில் சாம்சோ தீவுக்குப் போனதுதான் என்னைப் புரட்டிப்போட்டது. 1997இல் அரசு நடத்திய போட்டியில் வென்று, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தீவாக மாறிய ஊர். நிலத்தில் 11 காற்றாலைகள், கடலில் 10. அவற்றில் ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. வைக்கோலை எரித்து வெந்நீராக்கி, குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். கொதிகலன் கொட்டகைக்குள் நுழைந்ததும் காய்ந்த வைக்கோலின் தூசி தொண்டையில் ஏறியது. ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய கட்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து உலைக்குள் போயின.

ஆனால் கடலில் நிற்கும் அந்தப் பத்துக் காற்றாலைகள் வைக்கப்பட்டதே, தீவின் வண்டிகளும் கப்பல்களும் எரிக்கும் எண்ணெய்க்கு ஈடுகட்டத்தான். எண்ணெய் எரிவது நிற்கவில்லை, அதற்குச் சமமான மின்சாரம் வெளியே போனது. இதை 'முழுக்கப் புதுப்பிக்கத்தக்கது' என்று சொல்லலாமா என்று திரும்பும் வழியெல்லாம் வாக்குவாதம். நான் சொல்லலாம் என்ற கட்சி. ஈடு எது, உண்மையில் குறைந்தது எது என்று பிரித்துக் காட்டும்வரை அது ஏமாற்று இல்லை. இன்றும் அதே கட்சிதான்.

கோபன்ஹேகன் 2025க்குள் கார்பன் சமநிலை (வெளியிடும் கார்பனுக்கு முழுக்க ஈடுகட்டும் நிலை) அடையும் என்று 2012இல் போட்ட திட்டத்தை எட்ட முடியாது என்று 2022இல் நகராட்சியே ஒப்புக்கொண்டது. அமேயர் பக்கே குப்பை எரிநிலையத்தில் கார்பனைப் பிடித்துவைக்கும் திட்டத்துக்கு எதிர்பார்த்த நிதி கிடைக்கவில்லை. இந்தத் தோல்விக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கினார்கள். தங்கள் தலைநகரத்தின் சறுக்கலைத் தாங்களே பாடமாக வைத்ததற்கு என் பெரிய மரியாதை.

தேர்வுகள் பெரும்பாலும் வாய்மொழி. சில பாடங்களுக்கு வெளியிலிருந்தும் ஒரு தேர்வாளர் வந்து உட்காருவார். மதிப்பெண் மைனஸ் 3 முதல் 12 வரை. "சராசரி மின்சாரத்தை ஏன் எடுத்தாய்? உன் தொழிற்சாலை கூடுதலாக மின்சாரம் கேட்டால் உண்மையில் எந்த நிலையம் கூடுதலாக ஓடும்?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. 7 வாங்கினேன். அந்தக் கேள்விதான் பிறகு என் ஆய்வேட்டின் மையமானது.

இனி குறை. ஆய்வேட்டை ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து செய்யலாம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். நிறுவனத்தை நாமே தேட வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு பட்டியலை அனுப்பியதோடு சரி. எனக்குக் கிடைத்த நிறுவனம் தரவு தர இரண்டு மாதம் இழுத்தது. வந்த தரவும் முழுக்க டேனிஷ் மொழியில். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, வேலை டேனிஷில் நடக்கிறது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அன்றே மொழி வகுப்பில் சேர்ந்திருப்பேன். ஐரோப்பிய ஒன்றிய மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, நமக்கு உண்டு. கட்டணம் வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லும் கடமையும் உண்டு.

கையில் எக்செல் தாளும் மனதில் பொறுமையும் இருக்கிறவர்கள் தயங்காமல் சேரலாம். போராட்டம், கொள்கை, சட்டம் பக்கம் மனம் உள்ளவர்களுக்கு இது அலுப்புத் தட்டும், வேறு படிப்பு பாருங்கள். விண்ணப்பிக்கும் முன் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: போன வருட ஆய்வேடுகளில் நிறுவனங்களோடு சேர்ந்து செய்யப்பட்டவை எத்தனை, அவற்றில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் செய்தவை எத்தனை? எண்ணாகவே கேட்டு வாங்குங்கள்.