கிம்ப் ஸ்பார்க்கிள்: நட்சத்திரம் போட ஒரு நிமிடம், மின்ன வைக்க ஒரு மணி நேரம்

தீபாவளி வாழ்த்தில் மத்தாப்பு பொரிய வேண்டும், நகை விளம்பரத்தில் கல் பளிச்சிட வேண்டும், பிறந்தநாள் படத்தில் பெயர் மினுக்க வேண்டும். காசு செலவில்லாமல் இதையெல்லாம் செய்ய கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருள் போதும். 2018-இல் வந்த 2.10 பதிப்பிலும் சரி, 2025 மார்ச்சில் வந்த 3.0-விலும் சரி, ஸ்பார்க்கிள் ஃபில்டர் பயன்பாட்டில் கிட்டத்தட்ட அதேதான். பழைய பதிப்பில் கை பழகியவர்கள் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஃபில்டர் நட்சத்திரம் குத்துகிற ஒரு அச்சு மட்டுமே. மின்னுவது என்பது ஃப்ரேம்களிலும் (அடுத்தடுத்துக் காட்டப்படும் படங்கள்) ஒவ்வொன்றும் நிற்கும் நேரத்திலும் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல், ஒரே ஃபில்டரைப் பத்து லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) அடித்து ஜிஃப் என்ற அசையும் படமாக ஆக்கினால் கிடைப்பது பழைய டிவியில் ஆன்டெனா கழன்ற புள்ளிக் கூட்டம்தான்.

ஃபில்டர் இருக்கும் இடம்: ஃபில்டர்ஸ், லைட் அண்ட் ஷேடோ, ஸ்பார்க்கிள். அதில் முதலில் இருக்கும் லூமினாசிட்டி த்ரெஷோல்டைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் இருந்தால் மின்னும் என்ற கணக்கு இல்லை அது. படத்திலேயே அதிக வெளிச்சமான பிக்சல்களில் எத்தனை பங்கை எடுத்துக்கொள்வது என்ற கணக்கு. டிஃபால்ட் மதிப்பு 0.001. 1000 × 1000 படத்தில் இது ஏறக்குறைய ஆயிரம் பிக்சல், அதாவது ஆயிரம் நட்சத்திரம். சின்னப் படத்தில் அழகாக வந்த அமைப்பு பெரிய படத்தில் சாம்பாராகக் கலங்குவது இதனால்தான்.

இதை விட மோசம் வெள்ளைப் பின்னணி. கேட்டலாக் நகைப் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பின்னணி முழுக்க ஒரே 255 வெளிச்சம், அதாவது உச்ச வெள்ளை என்றால், த்ரெஷோல்டை எவ்வளவு இறக்கினாலும் அந்தப் பிக்சல்களுக்குள் ஒன்றை எடுத்து ஒன்றை விட ஃபில்டருக்கு வழியில்லை. எல்லாம் சேர்ந்து மின்னும், கணினியும் திணறும். தேர்வான பிக்சல்களில் எத்தனை பங்குக்கு நட்சத்திரம் என்று சொல்லும் ஸ்பைக் டென்சிட்டியை 0.05-க்கு இறக்கினால் கூட்டம் குறையும். ஆனால் எவை மிஞ்சும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும்.

ஆகவே படத்தின் மேல் நேரடியாக ஃபில்டர் போடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. தனியாக 100 × 100 அளவில் கருப்பு நிற லேயர் ஒன்று எடுத்து, நடுவில் பென்சில் கருவியால் ஒரே ஒரு வெள்ளைப் பிக்சல் வையுங்கள். பெயின்ட்பிரஷ் வேண்டாம், அதன் மெத்தென்ற ஓரத்தில் விழும் சாம்பல் பிக்சல்களும் மின்னத் தொடங்கும். 2 × 2 புள்ளி வைத்தால் நான்கு பிக்சலுக்கும் தனித்தனி நட்சத்திரம் முளைத்து, கதிர்கள் தடித்துப் போகும். சிலருக்கு அது பிடிக்கும், நகைக்கு ஒத்துவராது.

இனி அமைப்புகள். ஸ்பைக் பாயின்ட்ஸ் 4. இதில் நான்கு பெரிய கதிர்களும் நடுநடுவே நான்கு சின்னக் கதிர்களும் வரும். ஆங்கிள் டிஃபால்ட்டாக 15 என்று இருப்பதால் நட்சத்திரம் சாய்ந்து நிற்கும். 0 வைத்தால் கூட்டல் குறி போல நேராக நிற்கும். -1 வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பும், அனிமேஷனுக்கு அது வேண்டாம். டென்சிட்டி 1. நிறத்துக்கு ஃபோர்கிரவுண்ட் கலரைத் தேர்ந்தெடுத்து, தங்கத்துக்கு சிவப்பு 255, பச்சை 244, நீலம் 200 என்ற வெளிர் மஞ்சள் வைக்கலாம். வைரத்துக்கு நேச்சுரல் கலர் போதும். கருப்புப் பின்னணி லேசாகச் சாம்பல் பூத்தால் த்ரெஷோல்டை இன்னும் இறக்குங்கள். இன்வர்ஸ் என்ற பெட்டியில் டிக் விழுந்துவிட்டால் வெளிச்சத்துக்குப் பதில் இருண்ட பிக்சல்கள் மேல் கருநட்சத்திரம் வரும், குழம்ப வேண்டாம்.

ஸ்பைக் லெங்த்தை, அதாவது கதிரின் நீளத்தை மட்டும் மாற்றி ஒரே புள்ளியில் ஐந்து நட்சத்திரங்கள் செய்ய வேண்டும்: 8, 26, 18, 11, 5. வேகமாக எழுந்து மெதுவாக அணைகிற வரிசை இது. 5, 15, 26, 15, 5 என்று சமச்சீராக வைத்தால் பல்ப் எரிந்து அணைவது போலத்தான் இருக்கும், கல் திரும்பும்போது வெட்டுகிற ஒளியாகத் தெரியாது. இந்த ஐந்தையும் ஒருமுறை செய்து சேமித்துவிட்டால் ஆயுளுக்கும் அதையே பயன்படுத்தலாம். படத்தின் மேல் வைக்கும்போது லேயர் மோடை ஸ்கிரீன் என்று மாற்றினால் கருப்பு மறைந்து ஒளி மட்டும் நிற்கும்.

இன்னொரு வேலை, பலர் விட்டுவிடுவது. நட்சத்திரம் தெரிய இருட்டு வேண்டும். அடிப்படைப் படத்தை லெவல்ஸில் (வெளிச்ச அளவைத் திருத்தும் பெட்டி) திறந்து, அவுட்புட்டின் மேல் எல்லையை 255-லிருந்து 225-க்கு இறக்குங்கள். படம் கொஞ்சம் மங்கும்; பரவாயில்லை. உச்ச வெள்ளை நட்சத்திரத்துக்கு மட்டுமே சொந்தம் என்றாகும்போதுதான் அது கண்ணைப் பறிக்கும்.

கிம்பில் லேயர்தான் ஃப்ரேம். அடியில் இருப்பது முதல் ஃப்ரேம். மூன்று கற்கள் மின்ன 14 ஃப்ரேம் போதும். முதல் கல்லின் ஐந்து நிலைகள் 14, 1, 2, 3, 4-ஆம் ஃப்ரேம்களில். இரண்டாவது 4 முதல் 8 வரை. 9 வெறும் படம். மூன்றாவது 10 முதல் 14 வரை. இந்த 9-ஐத் தவிர, ஒரு கல் அணையும் ஃப்ரேமிலேயே அடுத்தது பிறக்கிறது, சுற்று முடிந்து திரும்பும் இடத்தில் வெட்டு தெரியாது. ஒவ்வொரு ஃப்ரேமும் 80 மில்லிசெகண்ட். 9-ஆவதற்கு மட்டும் 400. மொத்தம் 1.44 விநாடி. அந்த வெறும் ஃப்ரேமின் ஓய்வு இல்லாவிட்டால் நாலு சுற்றில் கண் சலித்துவிடும். முதல் ஃப்ரேமில் முதல் கல் உச்சத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு: விண்டோஸில் அவுட்லுக்கின் பழைய பதிப்புகள் முதல் ஃப்ரேமை மட்டுமே காட்டும்.

ஜிஃப்பில் நேரம் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு அலகில்தான் பதிவாகும். 75 என்று எழுதிப் பயனில்லை, 70 அல்லது 80-தான். வேகம் வேண்டுமென்று 10 போட்டால் பிரவுசர்கள் அதை 100 ஆக்கிவிடும். ஓட்டம் ஆமை ஆகும்.

மங்கலாக்கிய படத்தின் லேயர் பெயரிலேயே நேரத்தை எழுதிவிடுங்கள்: அடைப்புக்குறிக்குள் 80, இடைவெளி விடாமல் எம், எஸ் என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகள். அடுத்த அடைப்புக்குறிக்குள் ரீப்ளேஸ் என்ற ஆங்கிலச் சொல். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், டி சேர்த்து அழுத்தி 13 பிரதி எடுத்தால் பெயரும் கூடவே வரும். 9-ஆவதில் மட்டும் 400 என்று திருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரதிக்கு மேலும் உரிய நட்சத்திரத்தை வைத்து மெர்ஜ் டவுன் (கீழ் லேயருடன் ஒன்றாக்குவது) கொடுத்தால், கீழ் லேயரின் பெயரே மிஞ்சுவதால் நேரமும் காப்பாற்றப்படும். ரீப்ளேஸுக்குப் பதில் கம்பைன் என்று போட்டு, அடியில் ஒரே படம், மேலே வெறும் நட்சத்திரங்கள் என்று சிக்கனம் பிடித்தால், வந்த நட்சத்திரம் போகவே போகாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். ‘என் நட்சத்திரம் அணைய மாட்டேங்குது’ என்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டியிருப்பார்கள்.

ஃபில்டர்ஸ், அனிமேஷன், பிளேபேக்கில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி ஆன பிறகு, கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்துவிட்டு, நிறங்களை ஒரு பட்டியலுக்குள் அடக்கும் இண்டெக்ஸ்டு மோடுக்குப் போங்கள். ஜிஃப்புக்கு 256 நிறம்தான். இல்லாத நிறத்தைப் புள்ளிகளைக் கலந்து காட்டும் டித்தரிங் என்ற இடத்தில் ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க் வகைகள் அசையாப் படத்துக்கு அருமை, அனிமேஷனுக்கு எமன். ஒரு பிக்சலின் நிறப்பிழையை அவை பக்கத்துப் பிக்சல்களுக்குத் தள்ளிவிடுவதால், மேலே ஒரு நட்சத்திரம் வந்தால் கீழே இருக்கும் பட்டுப்புடவை வரை பொடிப்பொடியாக நெளியும். பொசிஷன்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் புள்ளி அமைப்பு இடத்தைப் பொறுத்தது, ஃப்ரேம் மாறினாலும் அசையாது. கோப்பின் அளவும் இதனாலேயே குறையும்.

நிறத்தட்டில் இன்னொரு சிக்கல். தங்க நிறம் படம் முழுக்கப் பரவியிருக்க, நீல நட்சத்திரத்துக்கு நாற்பது பிக்சல்தான் இருந்தால், 256 இடத்தில் அந்த நீலத்துக்கு இடம் கிடைக்காமல் அழுக்கு வெள்ளையாகிவிடும். படத்தில் ஏற்கெனவே உள்ள வண்ணக் குடும்பத்திலேயே நட்சத்திரத்தை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்து, அனிமேஷன் மெனுவிலேயே ஆப்டிமைஸ் ஃபார் ஜிஃப். 480 × 480 படம் 14 ஃப்ரேமில் சுருக்குவதற்கு முன் 32 லட்சம் பைட்டைத் தாண்டும். மாறிய பகுதியை மட்டும் வைத்து மற்றதை வெட்டுவது இதன் வேலை. வெட்டுவது ஃப்ரேமுக்கு ஒரு செவ்வகமாகத்தான். எதிரெதிர் மூலையில் இரண்டு நட்சத்திரம் ஒரே ஃப்ரேமில் எரிந்தால் செவ்வகம் படம் முழுக்க விரியும். நடுவில் மாறாத இடம் ட்ரான்ஸ்பரன்ட் ஆகி நன்றாகச் சுருங்கும் என்றாலும், ஒரே நேரத்தில் எரிகிறவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் லாபம்தான். எக்ஸ்போர்ட் பெட்டியில் ஆஸ் அனிமேஷன், லூப் ஃபாரெவர் இரண்டிலும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஃப்ரேமுக்கும் மேலே கொடுத்த நேரத்தையே பயன்படுத்து என்ற பெட்டியில் டிக் வைத்தால் அந்த 400 போயே போச்சு.

பின்னணி இல்லாத மினுக்கல் கேட்பவர்களுக்கு ஜிஃப் ஆகாது. அதில் ஒரு பிக்சல் முழுசாகத் தெரியும் அல்லது முழுசாக மறையும். பாதி ஒளி கிடையாது. நட்சத்திரத்தின் மெல்லிய ஒளிவட்டம் ரம்பப் பல்லாகும். எந்த நிறப் பக்கத்தில் போடப்போகிறோம் என்று தெரிந்தால், அதை பேக்கிரவுண்ட் கலராக வைத்து லேயர், ட்ரான்ஸ்பரன்சி, செமி ஃப்ளாட்டன் கொடுத்து ஒப்பேற்றலாம். இல்லையென்றால் பாதி ஒளியையும் தாங்கும் வெப்-பி (WebP) என்ற பட வடிவம். வாட்ஸ்அப்பில் ஜிஃப் அனுப்பினால் அது வீடியோவாக மாறிவிடும், ட்ரான்ஸ்பரன்சி நிற்காது. ஸ்டிக்கராகப் போக வேண்டுமானால் 512 × 512 வெப்-பி, 500 கேபிக்குள், பத்து விநாடிக்கு மிகாமல்.

எழுத்து மினுக்க ஸ்பார்க்கிளே தேவையில்லை. எழுத்தைச் செலக்ட் செய்து நிறப்பொடி தூவும் எச்எஸ்வி நாய்ஸ் ஃபில்டரை மூன்று லேயரில் வெவ்வேறு சீட் எண்ணுடன் (பொடி விழும் அமைப்பை மாற்றும் எண்) கொடுத்து, 120 மில்லிசெகண்ட் வைத்தால் போதும். இரண்டு லேயர் என்றால் டிக் டிக் என்று துடிக்கும். மூன்றாவது வந்தால்தான் மினுக்கல்.

குறை என்று சொல்ல வேண்டுமானால், ஃப்ரேம்களை நேர வரிசையில் காட்டும் டைம்லைன் கிம்பில் இல்லாததுதான் பெரிய குறை. மூன்று கல்லுக்கு மேல் போனால் எந்த ஃப்ரேமில் எது என்று தாளில் கட்டம் போட்டு வைத்துக்கொள்ளாமல் முடியாது. ஏழெட்டு நட்சத்திரம், கூடவே அசைவு என்றால் ஐந்து நட்சத்திரப் படங்களை கிம்பில் செய்து, ஃப்ரேம் அடுக்கும் வேலையை கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளின் டைம்லைனில் செய்வது சுலபம், அதுவும் இலவசம். 3.0-வில் பல ஃபில்டர்களைப் பின்னால் வந்து திருத்த முடிகிறது, ஸ்பார்க்கிளுக்கு அந்த வசதி இல்லை. லெங்த் பிடிக்கவில்லை என்றால் கன்ட்ரோல் இசட் அடித்து, ஷிஃப்ட், கன்ட்ரோல், எஃப் அழுத்தி அதே பெட்டியை மறுபடி திறக்க வேண்டியதுதான். பழைய மதிப்புகள் அதில் அப்படியே இருக்கும்.