இட்வால், பட்டர்மியர், டார்ன் ஹவ்ஸ்: லேசாக ஓர் ஏரியைச் சுற்றி வர எங்கே போகலாம்?

கோடை வந்துவிட்டால் இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களிடமிருந்து இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், மலை ஏறச் சொல்லாதே, ஆனால் மலை பக்கத்தில் தெரியவேண்டும், ஏரி இருக்கவேண்டும், கார் விட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். பதிலாக வரும் பெயர்களும் பெரும்பாலும் மூன்றுதான்: ஏரி மாவட்டத்தில் டார்ன் ஹவ்ஸ், அதே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பட்டர்மியர், வேல்ஸில் கூம் இட்வால். மூன்றுமே பனியுகத்தில் பனியாறுகள், அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டிகள், செதுக்கிய நிலம், மூன்றையுமே ‘சுலபம்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சுலபம் மூன்று இடத்திலும் ஒன்றல்ல.

முதலில் கால். டார்ன் ஹவ்ஸ் சுற்று ஏறக்குறைய 3 கிலோமீட்டர். சரளை போட்டுச் சமன் செய்த பாதை, குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் போகும். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு, கரடுமுரடான பாதையிலும் ஓடக்கூடிய மின்வண்டியை, இந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை இரவலாகத் தருவதும் உண்டு, முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. அங்கங்கே சின்னச் சின்ன ஏற்றம், அவ்வளவுதான். பட்டர்மியர் 7 கிலோமீட்டர், கிட்டத்தட்டத் தட்டை, நின்று நின்று போனால் இரண்டரை மணி நேரம். ஒரு கரையில் பர்ட்னஸ் காட்டுக்குள் அகலமான பாதை, அப்புறம் கேட்ஸ்கார்த் பண்ணை, அதன்பின் கொஞ்ச தூரம் கார்கள் போகும் சாலையிலேயே நடக்கவேண்டும், நடைபாதை கிடையாது, குழந்தைகள் இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் ஹாஸ்னஸ் என்ற பெரிய வீட்டின் பக்கம் பாறையைக் குடைந்த ஒரு சிறு சுரங்கப்பாதை வரும். 19ஆம் நூற்றாண்டில் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்தவர் கரையை விட்டு விலகாமல் ஏரியைச் சுற்றவேண்டும் என்பதற்காகவே ஆள் வைத்து வெட்டியதாகச் சொல்கிறார்கள். பணம் இருந்தால் இப்படியும் ஆசைப்படலாம். உள்ளே இருட்டு, தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும், போன் வெளிச்சம் போதும். பிள்ளைகளுக்கு மொத்த நடையில் இதுதான் நினைவிருக்கும்.

இட்வால் 5 கிலோமீட்டர்தான். பட்டர்மியரைவிடக் குறைவு என்று கணக்குப் போட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள். ஆக்வென் வரவேற்பு மையத்திலிருந்து ஏரிக்கு எழுபது மீட்டர் அளவுக்கு ஏறவேண்டும், அதுகூடப் பரவாயில்லை, பாதை முழுக்கக் கல் பாவிய படிகள், ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் அளவு, மழை பெய்திருந்தால் வழுக்கும், குளிர்காலத்தில் அதன்மேல் பனி உறைந்துவிடும். ஏறும்போது மூச்சு வாங்குவதைவிட இறங்கும்போது மூட்டு படும் பாடுதான் பெரிது. ஏரிக்கு அந்தக் கோடியில் பாதை இரண்டாகப் பிரியும். மேலே ‘பிசாசின் சமையலறை’ என்று பெயர் வைத்திருக்கும் பிளவை நோக்கிப் போகும் பாதையில் பாறைகள்மேல் கையை ஊன்றித்தான் போகவேண்டியிருக்கும், ஓடையையும் கல்மேல் கால் வைத்துத்தான் தாண்டவேண்டும். லேசான சுற்று என்று நான் சொல்வது கீழே ஏரியை ஒட்டிப் போவதை மட்டும்தான்.

இவ்வளவு குறை சொல்லியும் என் ஓட்டு இட்வாலுக்குத்தான். பனியாறு வேலை செய்த நிலம் என்று சொல்லிவிட்டு அந்த வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய் என்ன பயன்?

டார்ன் ஹவ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளங்கள் பனி தோண்டியவைதான், ஆனால் இன்று நாம் பார்க்கும் ஏரி அப்படி இருந்ததில்லை. அங்கே இருந்தவை மூன்று சிறு குளங்கள். 1860களில் அந்த நிலத்தை வைத்திருந்த மார்ஷல் குடும்பம் அணை கட்டி மூன்றையும் ஒன்றாக்கியது, சுற்றிலும் ஊசியிலை மரங்களை நட்டது. பின்னாளில் குழந்தைகளுக்கான கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் அந்த எஸ்டேட்டை வாங்கி, ஏரி இருந்த பாதியை நேஷனல் டிரஸ்டுக்கு விற்றார். ஆக, அது பணக்காரர் ஒருவர் ரசனையோடு திருத்திய தோட்டம். அழகில் குறை சொல்லமுடியாது, அக்டோபரில் லார்ச் மரங்கள் மஞ்சளாகும்போது போனால் படம் எடுத்தே ஓய்ந்துபோவீர்கள். பனியாற்றை நினைவூட்டுவது தூரத்தில் தெரியும் மலைகள்தான்.

பட்டர்மியர் இதற்கு நடுவில். பனி அரைத்து அகலமாக்கிய ‘ப’ வடிவப் பள்ளத்தாக்கின் தரையில் ஏரி கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் கிரம்மக் வாட்டரும் இதுவும் ஒரு காலத்தில் ஒரே ஏரி. பனி போன பிறகு ஓடைகள் அடித்துக்கொண்டு வந்த வண்டல் நடுவில் படிந்து இரண்டாகப் பிரித்துவிட்டது, ஊர் இருப்பது அந்த வண்டல்மேல்தான். பர்ட்னஸ் காட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் மலையிலிருந்து வெள்ளைக் கோடாக ஓர் ஓடை விழும். அது வரும் ப்ளீபெர்ரி டார்ன் என்ற ஏரி மேலே பனி குடைந்த ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, கீழிருந்து தெரியாது. வசந்த காலத்தில் உள்ளான் பறவைகள் கூடு கட்டுவதற்காகக் கரைப் பாதையின் ஒரு பகுதியை மூடுவார்கள், பலகை காட்டும் மாற்றுவழியில் போங்கள்.

இட்வாலில் எதையும் கற்பனை செய்யவேண்டியதில்லை. மேற்குக் கரையில் நடக்கும்போது பாதையின் இரு பக்கமும் புல்லும் ஹெதர் புதரும் மூடிய மேடுகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றும் ஓட்டு வீட்டு உயரம் இருக்கலாம். புல் பெயர்ந்த ஓர் இடத்தில் குனிந்து பாருங்கள். மணல், களிமண், விரல் அளவுக் கல், தலை அளவுக் கல் எல்லாம் கலந்து கிடக்கும், எதுவும் ஆற்றுக்கல் மாதிரி உருண்டையாக இருக்காது. தண்ணீர் கொண்டுவந்திருந்தால் பெரியது, சிறியது என்று பிரித்துப் போட்டிருக்கும். பனி அப்படிப் பிரிக்காது, உருகும்போது சுமந்ததை எல்லாம் அப்படியே கொட்டிவிட்டுப் போகும். கடைசியாக ஒரு சிறு பனியாறு இங்கே இருந்தது சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்பு, இந்த மேடுகள் அது விட்டுச் சென்றவை. எதிர்ப்பக்கம் பாறை அடுக்குகளைப் பாருங்கள், தூளி போல நடுவில் தொய்ந்திருக்கும், அந்தத் தொய்வின் நடுவில்தான் பிசாசின் சமையலறை. அந்தப் பாறை பழைய கடல்தரை, சிப்பிப் புதைபடிவங்கள் உண்டு.

அந்தச் சிப்பிகளைத் தேடித்தான் 1831 ஆகஸ்டில் இருபத்திரண்டு வயது டார்வின், புவியியல் பேராசிரியர் செட்ஜ்விக்கோடு இங்கே வந்தார். மேடு, கீறல் விழுந்த பாறை, விழுந்து பிளந்த பெரும் பாறைகள், எல்லாவற்றின் நடுவிலும் மணிக்கணக்காகச் சுற்றியும் இருவருக்கும் பனி என்ற எண்ணமே வரவில்லை. பிரிட்டனில் பனியாறுகள் இருந்தன என்ற கருத்து 1840 வாக்கில் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி அகாசிஸ் வந்த பிறகுதான் சூடுபிடித்தது. 1842இல் டார்வின் திரும்பி வந்து பார்த்தபோது எல்லாமே தெரிந்தது, எழுதியும் வைத்தார். ஏரிக்கரையில் பிளந்து கிடக்கும் பாறைகளை இப்போது அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட வந்தால் அவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் மேடுகளுக்கு நடுவே விட்டுவிட்டு, இது எப்படி வந்திருக்கும் என்று மட்டும் கேளுங்கள்.

சரி, போய்ச் சேருவது. டார்ன் ஹவ்ஸுக்கு ரயிலில் விண்டர்மியர், அங்கிருந்து 505 பேருந்தில் ஹாக்ஸ்ஹெட், அதற்கு மேல் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நடை, அதனால் பெரியவர்கள் இருந்தால் காரே உத்தமம். பட்டர்மியருக்குக் காரில் போனாலும் ஹானிஸ்டர் கணவாயோ நியூலண்ட்ஸ் கணவாயோ தாண்டுவதானால் நாலடிக்கு ஓரடி ஏறும் செங்குத்துச் சாலை, வளைவுகள், எதிரே வண்டி வந்தால் யார் பின்னே போவது என்ற பேச்சுவார்த்தை. வாந்தி வருபவர்கள் இருந்தால் விண்லாட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். சாப்பாட்டில் பட்டர்மியர் ஜெயிக்கிறது. ஊரிலேயே கஃபேக்கள், பண்ணைப் பாலில் செய்த ஐஸ்கிரீம். மற்ற இரண்டு இடத்திலும் டீ, கேக் அளவில் ஏதாவது கிடைத்தால் சரி, புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆகவே மூட்டுவலியோ குழந்தை வண்டியோ இருந்தால் யோசிக்காமல் டார்ன் ஹவ்ஸ். எல்லோரும் ஓரளவு நடப்பார்கள், முழு நாளும் கையில் இருக்கிறது என்றால் பட்டர்மியர். படி இறங்கப் பயமில்லாதவர்கள் இட்வாலுக்குப் போங்கள், ஆனால் மழையோடு காற்றும் சொல்லியிருந்தால் வேண்டாம், மலை சூழ்ந்த அந்தப் பள்ளத்துக்குள் காற்று சுழன்று அடிக்கும்போது பேசுவதே கேட்காது. ஆக்வென் கார் நிறுத்தம் வார இறுதியில் காலையிலேயே நிரம்பிவிடும், ஏ5 ஓரத்தில் விட்டால் அபராதம். லண்டனிலிருந்து ஹோலிஹெட் ரயிலில் பாங்கர் வரை வந்து டி10 பேருந்தைப் பிடித்தால் பாதை தொடங்கும் இடத்திலேயே இறங்கலாம். திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.