கடலோர வீட்டுச் சுவரில் பழைய துறைமுகங்கள்: எது தாங்கியது, எது தாங்கவில்லை

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கம். பயணங்களில் நான் எடுத்த பழைய துறைமுகப் படங்களைப் பெரிதாக அச்சடித்து ஹாலில் மாட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் அவற்றை நன்றாகவே சோதித்துவிட்டன.

முதலில் கேன்வாஸ். கண்ணாடி இல்லாததால் ஜன்னல் வெளிச்சம் பிரதிபலிக்காது, பார்க்க அழகு. ஆனால் துணியின் இழைகளுக்குள் தூசி பிசுபிசுப்பாகப் படிகிறது, துடைத்தாலும் முழுதாகப் போவதில்லை. மழைக்காலத்தில் மூலைகள் தொய்ந்தன, பின்பக்கம் பூஞ்சை வந்தது. கடலோர வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஃபோர்ட் கொச்சியின் சீன வலைப் படத்தை வேறொரு கடையில் காகிதத்தில் அச்சடித்தேன். பிக்மென்ட் இங்க், அதாவது எளிதில் வெளிறாத நிறமித் துகள் மை, என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரு கோடை தாண்டுவதற்குள் வானம் வெளிறிப்போனது. போட்டது சாதா சாய மை என்று அப்புறம்தான் தெரிந்தது. நிஜமான பிக்மென்ட் இங்கில், அமிலமில்லாத மேட் பேப்பரில் அச்சடித்து, மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) வைத்துக் கண்ணாடி போட்ட தரங்கம்பாடி, இலங்கைக் காலி நகரப் படங்கள் இரண்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன. மவுண்ட் போர்டு வெறும் அலங்காரம் இல்லை. அது கொடுக்கும் இடைவெளியால்தான் ஈரத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டாமல் இருக்கிறது. எதிரொளிக்காத கண்ணாடிக்கு விலை கூடுதல், ஆனாலும் கொடுக்கலாம்.

நிறம் மங்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கொச்சிப் படம் எனக்கு அலுத்திருக்கும். வலையும் அந்திச் சூரியனும் மட்டும்தான் அதில். சில மாதங்களில் கண் அதைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. தரங்கம்பாடி அப்படி இல்லை. ஒரு பக்கம் 1620-இல் டேனிஷ்காரர்கள் தொடங்கிய கோட்டை, இன்னொரு பக்கம் 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று கேள்வி கேட்கிறார்கள், அம்மா பதில் சொல்கிறார். காலி நகரக் கோட்டைப் படமும் அப்படித்தான். 2004 சுனாமியில் உள்ளே இருந்த ஊரைப் பெருமளவு காத்தது அந்த மதில். கிட்டப் போனால் மதிலில் பவளப்பாறைத் துளைகள் தெரியும்.

அந்தத் துளைகள் தெரிய அளவு வேண்டும். 24 மெகாபிக்சல் படத்தை 36 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்குச் சுமார் 166 புள்ளி வரும். சோபாவிலிருந்து பார்க்க அது தாராளம். சின்னதாக நாலு படம் மாட்டுவதைவிட இப்படி ஒன்று மேல்.

மாட்டும்போது வெளிச்சுவரை விட்டுவிடுங்கள், ஓதம் அதில்தான் இறங்கும். சட்டத்துக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், ஈரத்தில் ஊதிவிடும், தேக்கு நிற்கிறது. சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். ராமபாணப் பூச்சி வராமலிருக்கப் பின்பக்க விளிம்பு முழுக்கப் பேப்பர் டேப் ஒட்டச் சொல்லுங்கள். பிரேம் கடைக்காரர்கள் கேட்டால்தான் செய்கிறார்கள்.

கொச்சி இருந்த இடத்தில் நம்மூர்தான் வரப்போகிறது. சென்னைத் துறைமுகச் சுவர் தெற்கே மணலைத் தேக்கி மெரினாவை அகலமாக்கியது, வடக்கே கரையை அரித்தது. அலைக்குக் கல் கொட்டி வைத்திருக்கும் ராயபுரம் கரையைக் காலை வெயிலில் எடுக்க வேண்டும்.