விண்டோஸும் லினக்ஸும் ஒரே மடிக்கணினியில்: ஐந்தாண்டு அனுபவம்

என் மடிக்கணினியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். மேலே லினக்ஸ் மின்ட், கீழே விண்டோஸ் என்று இரண்டு இயங்குதளங்களின் பெயர்கள். மின்ட் என்பது இலவச இயங்குதளமான லினக்ஸின் ஒரு வகை. பத்து விநாடிக்குள் நான் எதையும் தொடாவிட்டால் அது தானாகவே மின்ட்டுக்குள் போய்விடும். 2021 பிப்ரவரியிலிருந்து இப்படித்தான் வேலை நடக்கிறது. ஒரு கோப்பைக்கூட இழக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நிறைய இழந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடியே தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், காதணி விழா, கோயில் திருவிழா அறிக்கை, கருமக்கிரியை அறிவிப்பு. வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில் அது ரப்பர். கோயில்கள் ஆண்டுதோறும் அதே அறிக்கையை எடுத்துத் தேதியையும் உபயகாரர் பெயரையும் மாற்றித் தரச் சொல்வார்கள். பதினெட்டு ஆண்டுக் கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலானவை பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு உட்படாத பழைய தமிழ் எழுத்துருக்களில் செய்தவை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முருகன் திருவிழா பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும். எனவே விண்டோஸை விட முடியாது. ஆனால் 2018இல் வாங்கிய, 8 ஜிபி நினைவகம் கொண்ட இந்த மடிக்கணினியில் விண்டோஸ் 10 நாளுக்கு நாள் தவழத் தொடங்கியது. மற்ற எல்லா வேலைக்கும் இலகுவான ஒன்று தேவைப்பட்டது.

விண்டோஸுக்குள்ளேயே மெய்நிகர் கணினியாக, அதாவது ஒரு மென்பொருளுக்குள் இயங்கும் இன்னொரு கணினியாக, லினக்ஸை ஓட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 8 ஜிபியை இரண்டாகப் பங்கிட்டால் இரண்டுமே பட்டினி கிடக்கும். ஓட்டிப் பார்த்துவிட்டே சொல்கிறேன்.

2020 ஜனவரியில் மடிக்கணினியை ஒரு கடையில் கொடுத்து, விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை நிறுவித் தரச் சொன்னேன். அங்கிருந்த தம்பி, நிறுவும்போது வரும் முதல் கேள்வியில் ‘வட்டை முழுதும் அழித்து நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். விண்டோஸும் போயிற்று, அதே வட்டில் டி என்ற பெயரில் நான் தனியாகப் பிரித்து வைத்திருந்த பாகமும் போயிற்று. தொழில் கோப்புகளுக்கு வெளி வன்தட்டில் ஒரு நகல் இருந்தது. படங்களுக்கு இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டை இடிக்கும் முன் நான் எடுத்தவை, அப்பாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்து வைத்தவை, ஏறத்தாழ 3,100 படங்கள்.

அன்று ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன்: கணினியை அணைத்து, அதில் மேற்கொண்டு எதையும் எழுத விடவில்லை. அழிந்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. அதன் முகவரிதான் போகிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் கிடக்கும். பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடக்கி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்டவற்றை வேறொரு வன்தட்டில் சேமித்தேன். அதே வட்டில் சேமித்திருந்தால் மீட்பதே மிச்சத்தை அழித்திருக்கும். என்னுடையது சுழலும் பழைய வகை வன்தட்டு என்பதால் இது நடந்தது. சுழலும் தட்டு இல்லாத புதிய வகையான எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால் நம்பிக்கை மிகக் குறைவு; டிரிம் என்ற ஏற்பாடு, அழித்த இடத்தை வட்டு தானே துடைத்துவிட வழிசெய்கிறது.

ஃபோட்டோரெக் படத்தைத் தரும். அதற்கு இருந்த பெயரைத் தராது. எல்லாம் எண்களாக வந்தன. மார்ச் 18ஆம் தேதி கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வெளியே போக வழியில்லாத அந்த வாரங்களில் அம்மாவும் நானும் ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்தோம். “இது பெரட்டுக்களம். அந்த மரத்தடியில்தான் உன் அப்பா நிற்பார்” என்று அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பெரட்டுக்களம் என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். ஏறத்தாழ 2,300 திரும்பின. மற்றவற்றின் மேல் புதிய இயங்குதளம் எழுதப்பட்டுவிட்டது.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. நகல் இல்லாமல் கொடுத்தது நான். ஆனால் இனி இந்த வேலையை இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். ஓர் ஆண்டு படித்தேன்.

2021இல் நிறுவும் வேலைக்கு ஒன்றரை மணிநேரம்தான் ஆனது. அதற்கு முன்னேற்பாடு ஒரு வாரம். விண்டோஸை மறுபடி நிறுவி, தொழில் கோப்புகளைத் திருப்பி வைத்த பிறகு, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்கள் எடுத்தேன். ஒன்று என் அலமாரியில், ஒன்று ஈப்போவில் அக்கா வீட்டில். நகல் எடுத்தால் போதாது. அக்காவின் கணினியில் செருகி இருபது கோப்புகளையாவது திறந்து பார்த்தேன். ஒரு கோப்புறை பாதியில் நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் இருக்கும் வசதி. இது இயங்கும்போது, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை. தன் உட்பகுதியைத் தூங்கவைத்து அந்த நிலையை வட்டில் எழுதி வைக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் வந்து அதே பாகத்தில் எழுதினால், விண்டோஸ் எழுந்ததும் தன் பழைய கணக்கையே நம்பி மேலே எழுதும். கோப்புகள் சிதையும். லினக்ஸ் பெரும்பாலும் இதைக் கண்டுகொண்டு எழுத மறுத்துவிடும்; வற்புறுத்தி எழுத வைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கன்ட்ரோல் பேனலில், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் பக்கத்தில் இதை நிறுத்தலாம். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு மறுபடி போய்ப் பார்ப்பது என் வழக்கமாக இருந்தது.

மின்ட் கோப்பைப் பதிவிறக்கியதும், கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை, மின்ட் குழு வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட்டேன். இது வெறும் சடங்கு இல்லை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் இணையத்தளத்துக்குள் புகுந்த ஒருவர், பதிவிறக்க இணைப்பைத் திருப்பி, பிறர் ரகசியமாக உள்ளே நுழையக் கள்ளக்கதவு வைத்த பதிப்பைக் கொடுத்தார். திட்டக்குழுவே அதை வெளிப்படையாக அறிவித்தது. அந்த ஒப்பீட்டுக்கு ஐந்து நிமிடம் போதும்.

விண்டோஸ் பாகத்தைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியிலேயே செய்தேன். தன் வீட்டுச் சுவரை அது தானே நகர்த்துவதுதான் சரி. முதலில் 40 ஜிபிக்கு மேல் விட்டுக்கொடுக்க மறுத்தது. தூங்கும் நிலைக்கான கோப்பையும் பழைய மீட்புப் புள்ளிகளையும் நீக்கிய பிறகு 200 ஜிபி தந்தது.

நாளையும் நேரத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுத்தேன். பருவக்காற்று மாறும் மாதங்களில் இங்கே பிற்பகல் ஆனால் இடியும் மழையும்தான். இடி கேட்டால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். மின்சாரமும் சொல்லாமல் போகும். பாகம் பிரிக்கும் நேரத்தில் கணினி அணைந்தால் தரவு போகலாம். ஆகவே வானம் தெளிந்திருந்த ஒரு காலை 8 மணிக்கு, பேட்டரி நிறைந்த நிலையில் தொடங்கினேன். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் யு.பி.எஸ். இல்லாமல் இறங்க வேண்டாம்.

முதலில் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஒரு மணிநேரம் ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் இயங்கின. விண்டோஸ், கணினியைத் தொடக்கும் புதிய முறையான யு.இ.எஃப்.ஐ. முறையில் இருந்ததால் பென் டிரைவையும் அதே முறையில் தொடக்கினேன். ஒன்று பழைய பயாஸ் முறையிலும் மற்றொன்று புதிய முறையிலும் இருந்தால் தொடக்கப் பட்டியலில் இரண்டும் சேர்ந்து வராது. நிறுவும்போது ‘வேறு வழி’ என்பதைத் தேர்ந்தெடுத்து, காலியாக விட்ட 200 ஜிபியை மட்டும் காட்டினேன். தொடக்க நிரல்கள் இருக்கும் ஈ.எஃப்.ஐ. பாகத்தைப் பயன்படுத்தச் சொன்னேன். ‘ஃபார்மேட்’ என்ற கட்டத்தில் குறியிடவில்லை. அதை ஃபார்மேட் செய்தால் விண்டோஸின் வாசற்படி போய்விடும். கடைசிப் பொத்தானுக்கு முன் திரையில் வரும் மாற்றங்களின் பட்டியலை அம்மாவிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவருக்குப் புரியாது, ஆனால் வாய்விட்டுப் படித்தால் என் கண் ஒரு வரியையும் தாண்டிப் போகாது.

முதல் மாதத்தில் கடிகாரம் படுத்தியது. காலை 7 மணிக்கு விண்டோஸில் அச்சிட்ட ரசீதில் முந்தைய நாள் தேதி, இரவு 11 மணி. லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. நமக்கு இடைவெளி எட்டு மணிநேரம். லினக்ஸையும் உள்ளூர் நேரம் வைக்கச் சொல்லி ஒரே கட்டளையில் தீர்த்தேன். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இந்த வழி குழப்பம் தரும் என்று எச்சரிப்பார்கள். மலேசியாவில் அப்படி மாற்றுவதில்லை. தீபகற்பத்தில் கடைசியாக 1982 ஜனவரி 1 அன்று அரைமணி முன்னே தள்ளியதோடு சரி. நம் ஊருக்கு இது பாதுகாப்பான வழி.

ஐந்தாண்டில் இரண்டு முறை, விண்டோஸின் பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு கறுப்புத் திரை வராமல் நேரே விண்டோஸ் வந்தது. முதல் முறை நெஞ்சு படபடத்தது. மின்ட் அழியவில்லை, தொடக்க வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கணினியின் தொடக்க அமைப்பில் வரிசையை மாற்றியதும் திரும்பிவிட்டது. இந்த நிலையில் பதறிப்போய் மறுபடி நிறுவத் தொடங்குவதுதான் உண்மையான ஆபத்து.

2024 ஆகஸ்ட் வேறு மாதிரி. அந்த மாத விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, பலவீனமான பழைய தொடக்க நிரல்களைத் தடுக்கும் பட்டியலை மாற்றியது. இரு இயங்குதளக் கணினிகளைத் தொடாது என்று கருதப்பட்டது; ஆனால் பலருடைய கணினிகளில், நம்பகமான தொடக்க நிரலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் என்ற காவல், லினக்ஸைத் தடுத்துவிட்டது. அந்த வாரம் நான் விண்டோஸைத் திறந்திருக்கவில்லை. செய்தியைப் படித்ததும் மின்ட்டின் எல்லாப் புதுப்பிப்புகளையும் முதலில் நிறுவி, நகல் எடுத்து, அதற்குப் பிறகே விண்டோஸைப் புதுப்பித்தேன். விண்டோஸுக்குப் புதுப்பிப்பு வந்தவரை அந்த வரிசையை மாற்றவில்லை.

2023இல் 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, மின்ட்டை அதற்கு மாற்றினேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கணினியில் இரண்டு வட்டுக்கு இடமிருந்தால், ஒன்றில் விண்டோஸ், மற்றதில் லினக்ஸ்: இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஒரு நுணுக்கம் உண்டு. மின்ட்டின் நிறுவி, இரண்டாம் வட்டைக் காட்டினாலும் தொடக்க நிரலை முதல் வட்டிலேயே எழுதிவிடக்கூடும். ஆகவே பின்மூடியைக் கழற்றி, பழைய வன்தட்டின் இணைப்பை எடுத்துவிட்டு நிறுவினேன். கழற்றி வைத்த வட்டை எந்தத் தவறும் அழிக்க முடியாது.

சென்ற ஆண்டு அக்கா மகன் விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினியுடன் வந்தான். “சித்தி, எனக்கும் செய்து கொடுங்கள்” என்றான். தன் வட்டு முழுதும் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பது, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருப்பது, அவனுக்கே தெரியாது. புதிய கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே அது தானாக இயங்கிவிடுகிறது. தொடக்க அமைப்பைத் தொட்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும்; இல்லையென்றால் கோப்புகள் பூட்டியபடியே இருக்கும். சாவியை அவன் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி, இலக்கம் இலக்கமாக இருவரும் சரிபார்த்து, அக்காவிடம் கொடுத்து வைத்த பிறகே பென் டிரைவைச் செருகினேன். அன்று மாலையே நிறுவ வேண்டும் என்று அவன் அவசரப்பட்டான். மறுநாள் காலைதான் செய்தோம்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தன. என் கணினியின் செயலி (புராசசர்) ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏற்காது. ஓராண்டு நீட்டிப்புக்கு வழி இருந்தது, நான் அதை எடுக்கவில்லை. விண்டோஸில் வைஃபையை நிரந்தரமாக நிறுத்திவிட்டேன். வங்கி, மின்னஞ்சல், வாடிக்கையாளருக்குக் கோப்பு அனுப்புவது எல்லாம் மின்ட்டில். தமிழ்99 விசைப்பலகை அங்கும் இருப்பதால் விரல்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

2024இல் வந்த, ஸ்கிரிபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளின் 1.6 பதிப்பு, தமிழை உடையாமல் காட்டுகிறது. கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. அதுமுதல் புதிய வேலை ஒவ்வொன்றையும் யூனிகோடில்தான் செய்கிறேன். பழையவற்றில் ஆண்டுதோறும் திரும்பி வருபவை நாற்பதுக்கும் மேல் மீதி இருக்கின்றன. ஒவ்வொரு கோயிலும் கேட்டு வரும்போது அதை மாற்றி முடிக்கிறேன். இந்தப் பங்குனி உத்திரத்துக்கு மூன்று. கடைசி அறிக்கையும் மாறியதும் விண்டோஸ் இருக்கும் வன்தட்டைக் கழற்றி, அம்மா பெயர் வைத்த படங்களை அதிலும் ஒரு நகல் எடுத்து, ஈப்போவுக்கு அனுப்பிவிடுவேன்.