ஃபிக்மா: படம் தயார், எழுத்து எங்கே?

இணையதளப் பக்கங்களை வரையும் மென்பொருளான ஃபிக்மாவில் ஒரு முகப்புப் பக்கத்தை அரை நாளில் கண்ணைப் பறிக்கும்படி வரைந்துவிடலாம். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. மூன்று சொல்லில் தலைப்பு, கீழே இடத்தை நிரப்ப லோரம் இப்சம் என்ற பொருளற்ற எழுத்து இரண்டு வரி, ஒரே உயரத்தில் மூன்று கார்டு (எழுத்து வைக்கும் பெட்டி). பார்த்தவுடன் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். பிறகு உண்மையான எழுத்து வரும்: ஒரு கார்டுக்கு 12 சொல், அடுத்ததற்கு 45, மூன்றாவதில் சொல்ல விஷயமே இல்லை.

இதைச் சமாளிக்க ஃபிக்மாவில் இருக்கும் சிறந்த ஆயுதம், உள்ளே இருக்கும் எழுத்துக்கேற்பப் பெட்டியின் அளவை மாற்றும் ஆட்டோ லேஅவுட். ‘சென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை மனதில் வைத்து 96 பிக்சல் அகலத்தில் வரைந்த பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டுப் பாருங்கள், இருபுறமும் பிதுங்கும். ஷிஃப்ட்டுடன் ஏ அழுத்தி, அகலத்தை ‘ஹக்’ (உள்ளிருப்பதை ஒட்டிய அளவு) ஆக்கி, பக்கவாட்டில் 24, மேலும் கீழும் 12 பிக்சல் பேடிங் (ஓரத்து இடைவெளி) கொடுத்தால் பட்டன் சொல்லுக்கேற்ப நீளும். பத்திகளுக்கு அகலம் ‘ஃபில்’ (இருக்கும் இடத்தை நிரப்புவது), உயரம் ‘ஹக்’. ‘அனுப்பு’ என்று எழுதினால் இந்த வேலையே மிச்சம். ஆனால் அது எழுதுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு, அவரை வரைந்து முடித்த பிறகு கூப்பிட்டுப் பயனில்லை.

தமிழில் தளம் என்றால் இரண்டு இடங்களில் ஃபிக்மா ஏமாற்றும். ஆங்கில டெம்ப்ளேட்டிலிருந்து வரும் 120% வரி உயரத்தில், மேல் வரியில் உள்ள ‘ழூ’வின் கால் கீழ் வரியின் புள்ளியை இடிக்கும். 150 முதல் 160% வரை வையுங்கள். அடுத்தது எழுத்துரு. இன்டர் எழுத்துருவில் தமிழ் கிடையாது. ஆனாலும் ஃபிக்மா வேறொரு எழுத்துருவை ஓசையில்லாமல் எடுத்துக் காட்டிவிடும். பிரவுசரோ அந்தந்தக் கணினியில் இருப்பதைப் போடும். விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா. அகலம் மாறும், ஒரு வரித் தலைப்பு இரண்டு வரியாகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்ற ஒன்றைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்து, தளத்திலும் அதையே ஏற்றுவதுதான் வழி.

உள்ளடக்கத் திட்டத்துக்கு ஃபிக்மாவை நம்ப வேண்டாம். ஒரு கூகுள் ஷீட் போதும்: பக்கம், பகுதி, தலைப்பு, பத்தி, பட்டன் சொல், படம், படத்தின் மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான விளக்கம்), எழுதுபவர், கடைசித் தேதி. மாற்று உரைக்கான நெடுவரிசையைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். வரைபடத்தில் அது கண்ணுக்குத் தெரியாது அல்லவா. கூகுள் ஷீட்ஸ் சிங்க் என்ற பிளகின் (ஃபிக்மாவில் சேர்க்கும் துணை நிரல்) இந்தத் தாளில் உள்ளதைப் படத்துக்குள் கொண்டுவரும். லேயரின் (படத்தில் உள்ள ஒவ்வொரு உறுப்பின்) பெயராக, # போட்டு நெடுவரிசைப் பெயரை எழுத வேண்டும். ‘#தலைப்பு’ என்றால் அந்த நெடுவரிசையின் எழுத்து வந்து உட்காரும். தாளை இணைப்பு வைத்திருப்பவர் யாரும் பார்க்கலாம் என்று திறந்துவைக்க வேண்டியிருப்பதால், ரகசிய விஷயங்களை அதில் வைக்கக் கூடாது.

சோதிக்க, கைபேசித் திரை போல 360 பிக்சல் அகல ஃபிரேம் (வரையும் சட்டம்) ஒன்று எடுங்கள். தாளில் இருப்பதிலேயே நீளமான தலைப்பையும் குட்டையான தலைப்பையும் அதில் போடுங்கள். இரண்டுக்கும் கார்டு தாங்கினால் நடுவில் உள்ளவை தாங்கும். படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்திருந்தால், அந்த இடத்தில் இருப்பதிலேயே வெளிறிய படத்தை மாற்றிப் பாருங்கள். சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும். மாதிரிப் படத்தில் கிடைத்தது உண்மைப் படத்தில் பெரும்பாலும் கிடைக்காது.

இருமொழித் தளத்துக்கு, ஒரே இடத்துக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒரு சொல்லை வைத்துக்கொள்ளும் வேரியபிள் மோட் அருமையான வசதி, ஒரே சொடுக்கில் மொழி மாறும். ஆனால் இரண்டாவது மோட் வேண்டுமென்றால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும்.

பெரிய குறை கமென்ட் பகுதி. எழுத்துத் திருத்தங்களை எல்லோரும் அங்கேயே சொல்வார்கள், வரைபவர் அங்கேயே திருத்திவிடுவார். பிளகின் தாளிலிருந்து படத்துக்கு மட்டுமே எழுதும், திரும்பி எழுதாது. அடுத்த முறை சிங்க் செய்ததும் திருத்தியதெல்லாம் பழையபடி மாறிவிடும். எனவே சொல்லை மாற்றுவது தாளில் மட்டும்.