ஆம்பூரா, திண்டுக்கல்லா, ஹைதராபாத்தா: சென்னையின் புதுப் பிரியாணிக் கடைகளை எடைபோடுவது எப்படி?

சென்னையில் புதிதாக ஓர் அசைவ உணவகம் திறந்தால், பலகையில் பெரும்பாலும் ஏதாவது ஓர் ஊரின் பெயர் இருக்கும். ஆம்பூர், திண்டுக்கல், ஹைதராபாத். வேளச்சேரி, பெரம்பூர், பழைய மகாபலிபுரம் சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த மூன்றில் ஒன்று கண்ணில் படும். இப்போது ‘பாய் வீட்டுக் கல்யாண பிரியாணி’ என்று நான்காவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது.

இந்த ஊருக்குப் பிரியாணி புதிதல்ல. அண்ணா சாலையில் புஹாரி ஓட்டல் 1951இலேயே வந்துவிட்டது. ஆனால் ஊர்ப் பெயரைப் போட்டுத் தெருவுக்குத் தெரு கடை திறப்பது பின்னால் வந்த பழக்கம். புதுக் கடை என்றால் போய்ப் பார்த்துவிடுவது என் வழக்கம். சில இடங்களில் சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்குப் போன் செய்து, “ராத்திரிக்கு ஒண்ணும் சமைக்காதீங்க, வாங்கிட்டு வர்றேன்” என்று சொல்லியிருக்கிறேன். சில இடங்களில் பாதித் தட்டோடு எழுந்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் பலகையில் இருக்கும் ஊர் அல்ல. அந்தக் கடை எத்தனை வகை சமைக்கிறது, அண்டா எப்போது இறங்குகிறது, நாம் எப்போது போய் உட்காருகிறோம், இந்த மூன்றும்தான் முக்கால்வாசி ருசியை முடிவு செய்கின்றன. ஆனால் எந்த ஊர்ப் பாணி எந்த இடத்தில் சறுக்கும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

ஆம்பூர்

ஆம்பூர் பாணியில் மசாலாச் சாமான்கள் குறைவு. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் அதற்கு உயிர். பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் பின்னால்தான் தெரியும். அரிசியைத் தனியாகப் பாதிக்கு மேல் வேகவைத்து, தண்ணீரை வடித்து, வெந்த கறியும் மசாலாவும் இருக்கும் அண்டாவில் சேர்த்து, மூடிமேல் தணலைப் பரப்பித் தம்மில் வைப்பார்கள். ஆற்காடு நவாபின் படைச் சமையலிலிருந்து வந்தது என்று அங்கே சொல்வார்கள். ஆம்பூரின் புகழ்பெற்ற ஸ்டார் பிரியாணி குடும்பம் தங்கள் தொழிலை 1890லிருந்து கணக்குச் சொல்கிறது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருப்பதால், வண்டியை நிறுத்திச் சாப்பிட்டவர்கள் வழியாகவே அந்த ஊரின் பெயர் இவ்வளவு தூரம் பரவியது.

தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்தரிக்காய், கூடவே வெங்காயம் போட்ட தயிர்ப் பச்சடி. இந்தக் கத்தரிக்காயை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் ஆம்பூர்க் கடையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். புளியும் எண்ணெயும் பிரிந்து, காய் உடையாமல் உள்ளே வரை வெந்திருந்தால், சமையலறையில் பொறுமையுள்ள ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். பெயருக்கு நாலு கத்தரித் துண்டை ஏதோ ஒரு குழம்பில் போட்டுக் கொடுத்தால், பிரியாணியிலும் அதே அவசரம் இருக்கும். இது தப்பி நான் பார்த்தது அபூர்வம்.

நகரத்தில் ஆம்பூர்ப் பாணி கெட்டுப்போவது மிளகாயில். ஊறவைத்து அரைப்பதற்குப் பதில் பாக்கெட் மிளகாய்த்தூளைக் கொட்டினால் காரம் வரும், நிறம் வரும், அந்த மணமும் லேசான இனிப்பும் வராது. சாப்பிட்டு முடித்த பிறகு நாக்கில் எரிச்சல் மட்டும் மிஞ்சும். இன்னொரு சறுக்கல் வடிப்பதில். சரியாக வடியாத அரிசி தம்மில் குழைந்து, அடியில் களி மாதிரி ஆகிவிடும்.

வட சென்னையில் ஒரு சின்ன ஆம்பூர்க் கடை. நாற்காலிகூட எல்லாம் ஒரே ஜோடி கிடையாது. மதியம் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் போனால் வாசலிலேயே நிறுத்தி, “தம்பி, பத்து நிமிஷம் நில்லுங்க, தம் இன்னும் முடியல, இப்ப குடுத்தா நல்லா இருக்காது” என்றார் கடைக்காரர். பசியோடு வந்த ஆளைக் காத்திருக்கச் சொல்லும் கடை நூற்றுக்கு நூறு நல்ல கடை. அங்கே சாப்பிட்ட மட்டன் எலும்பிலிருந்து விரலாலேயே கழன்று வந்தது. மூன்று மணிக்கு மேல் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்.

திண்டுக்கல்

இங்கே அரிசிதான் முக்கியம். சீரகச் சம்பா, பெயருக்கேற்ற பொடி அரிசி. வடிப்பது இல்லை, கறி வெந்த சாறோடு அளந்து தண்ணீர் விட்டு அதிலேயே வேகவைப்பார்கள். அதனால் ருசி முழுவதும் சோற்றுக்குள் இறங்கிவிடுகிறது. கறியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவார்கள். தயிரும் எலுமிச்சையும் கொடுக்கும் புளிப்பு, மிளகின் காரம், இவைதான் ஆம்பூரிலிருந்து இதைப் பிரிக்கும் கோடு. தொட்டுக்கொள்ளப் பருப்பும் காயும் சேர்ந்த தால்சாக் குழம்பும் தயிர் வெங்காயமும். 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்தான் இன்று தலப்பாக்கட்டி என்று ஊரெங்கும் கிளை விட்டிருக்கிறது. அதே ஊரின் வேணு பிரியாணிக்கும் தனி ரசிகர் கூட்டம் உண்டு.

எனக்கு நான்கில் மிகவும் பிடித்தது இதுதான். அதனாலேயே அதிகம் ஏமாற்றமும் இதில்தான். சூட்டோடு சாப்பிட்டால் சீரகச் சம்பாவுக்கு ஈடு கிடையாது. ஆறினால் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். அந்தக் கட்டியை உடைக்கக் கரண்டியைப் போட்டுக் கிளறினால் அரிசி நொறுங்கி உப்புமா பதத்துக்கு வந்துவிடும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு புதுக் கடையில் திண்டுக்கல் பிரியாணி சொன்னேன். மேலே ஆவி பறந்தது, நடுவில் சோறு ஆறிப் போய்க் கிடந்தது. மதியம் மீந்ததை மேலாகச் சூடாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ருசியை விடுங்கள், இது உடம்புக்கும் ஆகாது. சமைத்த சோறு 60 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி பெருகும். கேட்டபோது, “இல்ல சார், இப்பதான் இறக்கினது” என்று பரிமாறுபவர் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அந்தப் பதிலைச் சொல்லவைக்கும் முதலாளி மேல்தான்.

அதனால் திண்டுக்கல் கடைக்கு மதியம் மட்டும் போவது என்று வைத்திருக்கிறேன். இரவில் போவதாக இருந்தால், “ராத்திரிக்குத் தனியா அண்டா வைக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். நல்ல கடையில் இந்தக் கேள்விக்கு யாரும் கோபப்படுவதில்லை. ஆறரை மணிக்கு இறங்கும், ஏழுக்கு வாங்க என்று நேரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

ஹைதராபாத்

மூன்றிலும் கடினமான சமையல் இதுதான். கச்சி முறையில் பச்சைக் கறியைத் தயிர், மசாலா, பொரித்த வெங்காயம் எல்லாம் போட்டு ஊறவைத்து, அதன்மேல் பாதி வெந்த பாசுமதியைப் பரப்பி, மூடியை மாவால் ஒட்டி, தம்மிலேயே இரண்டையும் ஒருசேர வேகவைக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்க்க முடியாது. கறி வேகும் நேரமும் அரிசி வேகும் நேரமும் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். அந்தக் கணக்குத் தெரிந்த மாஸ்டருக்கு எந்த ஊரிலும் கிராக்கிதான்.

சென்னையின் புதுக் கடைகளில் பலரும் இந்தக் கஷ்டத்துக்குப் போவதில்லை. கறிக்குழம்பு தனியாக, வேகவைத்த பாசுமதி தனியாக. ஆர்டர் வந்ததும் தட்டில் குழம்பை வைத்து மேலே சோற்றைக் கவிழ்த்துவிடுகிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. ஒழுங்கான தம் பிரியாணியில் ஒரே தட்டில் வெள்ளை, மஞ்சள், மசாலா ஏறிய பழுப்பு என்று மூன்று நிறத்திலும் அரிசி இருக்கும், வெள்ளையாக இருக்கும் பருக்கையிலும் கறியின் வாசம் ஏறியிருக்கும். கவிழ்த்த பிரியாணியில் வெள்ளைச் சோறு வெறும் வெள்ளைச் சோறுதான்.

கூட வரும் மிர்ச்சி கா சாலன் வேர்க்கடலை, எள், தேங்காய் அரைத்துவிட்ட மிளகாய்க் குழம்பு. நம் ஊர் நாக்குக்கு ஹைதராபாத் பிரியாணி முதல் கவளத்தில் கொஞ்சம் உலர்ந்ததாகத் தெரியும், சாலன் சேர்ந்தால்தான் முழுமை. சாலன் கேட்டால் சேர்வை என்கிற சாதாரணக் கறிக்குழம்பை ஊற்றிக் கொடுக்கும் கடையில் எனக்கு நம்பிக்கை போய்விடும். அதே சமயம், நன்றாகச் செய்யும் கடை அமைந்துவிட்டால் நான்கு பேராகப் போய் உட்கார்ந்து சாப்பிட இதைவிடச் சிறந்தது இல்லை. அண்ணா நகர்ப் பக்கம் அப்படி ஒரு கடையில், அண்டாவை மேஜைக்கு அருகில் கொண்டுவந்து மாவை உடைத்துத் திறந்தார்கள். அம்மா பாதி சாப்பாட்டில், “இந்தக் கறியை எப்படிடா இவ்வளவு பூவா வேகவெச்சான்?” என்று கேட்டார். வெளிச் சாப்பாட்டை அவர் பாராட்டுவது லேசில் நடக்காது.

பாய் வீட்டுக் கல்யாண பிரியாணி

இவற்றில் பல உட்கார்ந்து சாப்பிடும் உணவகமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், முன்கூட்டியே சொல்லிவைத்து, போய் வாங்கி வர வேண்டும். பக்கெட் கணக்கு. ஒரு கிலோ அரிசி பக்கெட் என்றால் வீட்டில் எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம். பாசுமதி, விறகடுப்பு, கூட தால்சாவும் கத்தரிக்காயும், கடைசியில் பிரெட் அல்வா.

புதுக் கடைகளில் ஏமாற்றம் மிகக் குறைவாக இருப்பது இந்த வகையில்தான். காரணம் தெளிவு: சொன்ன அளவுக்கு மட்டும் சமைக்கிறார்கள், ஒரே தடவை சமைக்கிறார்கள், மிச்சம் என்ற பேச்சே இல்லை. குறை நேரம்தான். பன்னிரண்டரை என்பார்கள், தம் உடைக்க ஒன்றரை ஆகும். குழந்தைகளைப் பசியோடு வைத்துக்கொண்டு இதை நம்பக்கூடாது. இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்கும் பக்கெட் வீண். ஆனால் வீட்டில் விருந்தாளி வருகிற நாளில், புது உணவகத்தில் மேஜைக்காகக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லாம் ஒரே கூரையில்

ஆம்பூர், திண்டுக்கல், ஹைதராபாத், கூடவே மலபார், எல்லாம் ஒரே மெனுவில் போடும் பெரிய உணவகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்சாதனம் நன்றாக இருக்கும், வண்டி நிறுத்த இடம் இருக்கும், வயதானவர்களுக்கு உட்காரச் சௌகரியம். நண்பர்களோடு அப்படி ஓர் இடத்தில் மூன்று வகையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டோம். அரிசிதான் வேறு வேறு, மசாலா ஒன்றேதான். மூன்றுக்கும் ஒரே தால்சாவை ஊற்றினார்கள்.

போதாததற்கு, கேட்காமலேயே பில்லில் சேவைக் கட்டணமும் ஏற்றியிருந்தார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைக் கட்டாயமாக வசூலிக்கக்கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. 5 சதவீத ஜி.எஸ்.டி. வேறு, இது வேறு. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், தயங்காமல் சொல்லுங்கள்.

பார்சலா, உட்கார்ந்தா?

வீட்டுக்கு வரவழைப்பதாக இருந்தால் என் வரிசை தலைகீழாக மாறிவிடும். பாசுமதி அரிசி நீளமாக, ஒட்டாமல் இருப்பதால் வண்டியில் முக்கால் மணி நேரம் தாங்கும். ஹைதராபாத்தும் கல்யாண பிரியாணியும் அதனால் முன்னால் வந்துவிடும். ஆம்பூர் நடுவில், சாறு தனியாகக் கட்டிக் கொடுத்தால் பரவாயில்லை. திண்டுக்கல்லைப் பெட்டியில் அடைத்து அனுப்பவே கூடாது. செயலியில் ஒரு திண்டுக்கல் கடைக்கு மோசமான மதிப்பெண் இருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள். பெட்டியைத் திறந்து கட்டியைப் பார்த்தவர்கள் எழுதியதாக அது இருக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பேன்

தனியாகவோ இரண்டு பேராகவோ மதியம் போனால் திண்டுக்கல், அதுவும் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள். காரமும் இறைச்சியும் தூக்கலாக வேண்டுமென்றால் ஆம்பூர். குடும்பத்தோடு நிதானமாக உட்கார வேண்டுமென்றால் ஹைதராபாத், ஆனால் தெரிந்தவர் ஒருவராவது நல்லது என்று சொன்ன கடையாக இருக்க வேண்டும். ஞாயிறு வீட்டு விருந்துக்குக் கல்யாண பக்கெட்.

எந்த வகையாக இருந்தாலும், முதல் தடவை போகும் கடையில் மட்டன் பிரியாணிக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு குஸ்கா வாங்கிப் பாருங்கள். அதே அண்டாவிலிருந்து பீஸ் இல்லாமல் அள்ளிக் கொடுப்பதுதான் குஸ்கா, விலையும் குறைவு. ஆம்பூர்ப் பாணியோ திண்டுக்கல் பாணியோ, கறியின் சாறு சோற்றில் இறங்கியிருக்கிறதா, மிளகாய் அரைத்ததா தூளா, அரிசி இன்றைக்குச் சமைத்ததா என்று எல்லாம் இரண்டு கவளத்தில் தெரிந்துவிடும். அந்தக் குஸ்கா தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமலே உள்ளே போனால் அப்புறம் மட்டன் சொல்லுங்கள். இல்லையென்றால் குஸ்காவுக்கு மட்டும் பணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்கு நடங்கள், அங்கேயும் ஒரு புதுக் கடை திறந்திருப்பார்கள்.